பழைய கான்கிரீட் தளத்தின் மேல் 75 மி.மீ. ஒட்டு அடுக்கு: போடலாமா, வேண்டாமா?

கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிளேர்வுட் பகுதியில் கன்டெய்னர் லாரிகள் வந்து நிற்கும் ஒரு யார்டு. கேட்டவரின் அப்பா காலத்தில் போட்ட 200 மி.மீ. கான்கிரீட் தளம் முப்பது வயதைத் தாண்டிவிட்டது. மேற்பரப்பு தேய்ந்து ஜல்லி தெரிகிறது. சில ஸ்லாப்களின் மூலைகள் உடைந்திருக்கின்றன. ஓர் ஒப்பந்ததாரர் மேலே 75 மி.மீ. கான்கிரீட்டை ஒட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர் தார்க்கலவை போதும் என்கிறார். மூன்றாமவர் முழுவதையும் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடச் சொல்கிறார். யாரை நம்புவது? கேட்டவர் கோயில் கமிட்டியிலும் இருப்பதால், கோயில் வளாகத்தின் பழைய தளத்துக்கும் இதே வைத்தியம் செய்யலாமா என்று ஒரு துணைக்கேள்வியும் உண்டு.

மூன்று பேரும் தங்களிடம் இருக்கும் இயந்திரத்துக்கு ஏற்ற பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் கீழே இருக்கும் ஸ்லாப்பை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. ஒட்டு அடுக்கு என்பது நோயாளி ஸ்லாப்புக்கான மருந்து அல்ல. நல்ல நிலையில் இருந்து, சுமை கூடியதாலோ மேற்பரப்பு தேய்ந்ததாலோ தடுமாறும் ஸ்லாப்புக்கானது. நம்மிடம் வருபவர்களில் பலர் ஐந்தாறு ஆண்டுகள் தாமதமாகத்தான் வருகிறார்கள். உங்கள் யார்டில் பாதிக்கு மேல் ஒட்டு அடுக்கு பொருந்தும் என்பது என் ஊகம். வாயில் அருகே மூலை உடைந்த ஸ்லாப்களுக்கு நிச்சயமாகப் பொருந்தாது.

முதலில், வெறும் 75 மி.மீ. எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இதில் தெளிவு இல்லாததால்தான் தளத்தில் பாதி தவறுகள் நடக்கின்றன. இரண்டு பலகைகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் ஏறி நின்றால் இரண்டும் தனித்தனியாக வளையும், முனைகளில் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கும். அதே பலகைகளைப் பசை போட்டு ஒட்டினால் வழுக்க முடியாது. ஒரே தடித்த பலகையாகத்தான் வளையும். கான்கிரீட்டிலும் இதே கணக்குதான். ஒரே அளவு வளைவு விசைக்கு, ஸ்லாப்பின் அடியில் வரும் இழுவிசைத் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் இழுவிசை) தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 200 மி.மீ. ஸ்லாப்பின் மேல் 75 மி.மீ. முழுமையாக ஒட்டினால் மொத்தம் 275 மி.மீ.; தகைவு பழைய அளவில் ஏறக்குறைய 53 சதவீதமாக இறங்கிவிடும். அதே 75 மி.மீ. ஒட்டாமல் சும்மா கிடந்தால் 95 சதவீதம்தான். ஒரே கான்கிரீட், ஒரே செலவு. ஒட்டினால் பாதி, ஒட்டாவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஸ்லாப் தடித்தால் அது ஏற்கும் வளைவு விசையும் கொஞ்சம் கூடும் என்பதால் உண்மையான ஆதாயம் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறையும். ஆனால் படம் மாறாது.

தகைவு பாதியானால் ஆயுள் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். அதைவிட மிக அதிகம். கான்கிரீட்டின் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் அது வலுவிழப்பது, அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. வளைவு வலிமையில் (வளையும்போது உடையாமல் தாங்கும் அதிகபட்சத் தகைவில்) 60 சதவீதத் தகைவு ஒவ்வொரு முறையும் வந்தால், சாலைப் பொறியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் அட்டவணைகளின்படி ஏறத்தாழ 30,000 சுமைகளில் ஸ்லாப் விரிசல் விடும். அது 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் எத்தனை முறை சுமை வந்தாலும் கவலையில்லை என்றே அந்த அட்டவணைகள் எடுத்துக்கொள்கின்றன. 60-ஐ 53 சதவீதமாகக் குறைத்தால் 32. எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இரட்டை டயர் அச்சு ஒன்றுக்கு 9 டன், வண்டி முழுவதற்கும் 56 டன். உங்கள் யார்டில் லாரி மட்டும் ஓடினால் இந்தக் கணக்கு போதும். ரீச் ஸ்டாக்கர் வைத்து கன்டெய்னர் அடுக்குகிறீர்கள் என்றால் நான் மேலே எழுதியதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிடுங்கள். நிறைந்த கன்டெய்னரைத் தூக்கி நிற்கும் அந்த வண்டியின் முன் அச்சு 100 டன் அளவுக்குப் போகும். அதற்கு 75 மி.மீ. பேச்சே எடுக்கக் கூடாது.

ஒட்டுவதில் ஒரு கெடுதலும் உண்டு. இரண்டும் ஒன்றாகிவிடுவதால், கீழே அசையும் விரிசல் அப்படியே மேலே வந்துவிடும். அதனால் எந்த ஸ்லாப்பை ஒதுக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை.

கிளேர்வுட் தாழ்வான வண்டல் நிலம், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் தெற்கில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீர் நிற்கும் நிலத்தில் கனரக வண்டி ஓடினால், ஜாயின்டில் (இரண்டு ஸ்லாப்கள் சேரும் இடத்தில்) ஸ்லாப் அழுந்தும்போது அடியிலிருக்கும் நுண்மண் நீரோடு பீச்சியடித்து வெளியே வரும். மழை ஓய்ந்த மறுநாள் காலை ஜாயின்ட் ஓரங்களில் சேற்று நிறத்தில் காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஸ்லாப்பின் அடியில் வெற்றிடம் இருக்கிறது. மூலை உடைவதும் பெரும்பாலும் அதனால்தான். அத்தகைய ஸ்லாப்களை முழு ஆழத்துக்கு வெட்டியெடுத்து, அடித்தளத்தைச் சரிசெய்து, டோவல் கம்பி (அடுத்த ஸ்லாப்புக்குச் சுமையைக் கடத்தும் கம்பி) வைத்துப் புதிதாகப் போட்டுவிட்டு, அதன்பிறகே மேலடுக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். வடிகாலைத் தொடாமல் மேலே மட்டும் பணம் போடுவது வீண்.

இரண்டாவது, கான்கிரீட்டே உள்ளுக்குள் கெட்டிருந்தால் தொடவே கூடாது. மேற்கு கேப் பக்கம் மால்ம்ஸ்பரிப் பாறைத் தொகுதியின் ஜல்லியில் சிமென்டின் காரம் வினைபுரிந்து கான்கிரீட்டை உள்ளிருந்தே ஊதவைக்கும் சிக்கல் பெயர்பெற்றது. விட்வாட்டர்ஸ்ராண்டு குவார்ட்சைட்டிலும் அது உண்டு. மேற்பரப்பில் வலைபோல விரிசல், அதன் ஓரங்களில் ஈரக்கறை, உள்ளே வெண்பசை போன்ற கசிவு. இவை தெரிந்தால் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஊதிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டின் மேல் ஒட்டிய அடுக்கும் அதோடு சேர்ந்து கிழியும். அங்கே வேறு வழி: நடுவில் தார்க்கலவையோ தடித்த ஜியோடெக்ஸ்டைல் துணியோ போட்டுப் பிரித்துவிட்டு, மேலே தடித்த தனி ஸ்லாப். அது ஒட்டாத மேலடுக்கு. தடிமனும் செலவும் கூடும். ஆனால் கீழே இருப்பதன் குற்றம் மேலே வராது.

தார்க்கலவை யோசனையைப் பற்றி ஒரே வரி: ஜாயின்ட் உள்ள கான்கிரீட்டின் மேல் தார் போட்டால் ஜாயின்ட் இருந்த இடத்தில் எல்லாம் விரிசல் மேலே ஏறிவரும், லாரி யார்டில் சொட்டும் டீசல் தாரைக் கரைத்துவிடும், நின்ற இடத்தில் திருப்பும் சக்கரம் மிச்சத்தைப் பிடுங்கும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம், முதல் சுற்றுக்காவது. ஒரு கனத்த சங்கிலியைத் தளத்தின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள்; உறுதியான இடத்தில் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மங்கிப் பொத்தென்று விழும். சந்தேக இடங்களைச் சுத்தியலால் தட்டிச் சாக்பீஸில் வட்டமிடுங்கள். சுமையேற்றிய லாரியை மெதுவாக ஜாயின்டைக் கடக்கவிட்டு, இரு பக்க ஸ்லாப்களும் சேர்ந்து இறங்குகின்றனவா, ஒன்று மட்டும் துள்ளுகிறதா என்று பக்கத்தில் குனிந்து பாருங்கள். இதை அதிகாலையில் செய்யுங்கள். இரவில் மேற்பரப்பு குளிர்ந்து ஓரங்கள் சற்று மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், குறை இருந்தால் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிற்பகலில் வெயில் ஏறி ஜாயின்ட்கள் இறுகிய பிறகு எல்லாத் தளமும் நல்ல தளமாகத்தான் தெரியும்.

இனி ஒட்டும் வேலை. என் கருத்தில் ஒப்பந்தத் தொகையில் பெரும்பங்கு இங்கே போக வேண்டும், தடிமனில் அல்ல. பழைய ஜல்லியும் காரையும் புதிதாய் உடைத்ததுபோல் தெரியும்வரை மேல்தோலை நீக்க வேண்டும். இதற்கு ஷாட் பிளாஸ்டிங்தான் முதல் தேர்வு: சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலைச் சொரசொரப்பாக்கி, குப்பையை அதே இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். மட்டம் தாழ்த்த வேண்டிய இடத்தில் மில்லிங் (சுழலும் பற்களால் செதுக்குவது) செய்யலாம். ஆனால் அதன் பற்கள் மோதும் மோதலில் மேற்பரப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் உண்டாகும். மில்லிங் செய்துவிட்டு அப்படியே கான்கிரீட் கொட்டினால், ஒட்டு பிடித்திருக்கும், ஆனால் அது பிடித்திருக்கும் தோலே கழன்றுகொள்ளும். மில்லிங்குக்குப் பின் ஷாட் பிளாஸ்டிங்கோ உயரழுத்த நீர்ப்பாய்ச்சலோ கட்டாயம். அமிலம் ஊற்றிக் கழுவும் யோசனையை யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

லாரி யார்டில் தனிச் சிக்கல் எண்ணெய். முப்பது ஆண்டுகளாக இன்ஜின் நின்ற இடத்தில் கான்கிரீட் எண்ணெயைக் குடித்திருக்கும். பிளாஸ்டிங் முடிந்த பிறகு அந்த இடங்களில் நீரைத் தெளியுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் உள்ளே இருக்கிறது, இன்னும் ஆழமாக வெட்டியெடுக்க வேண்டும். பழைய தார் ஒட்டுகளையும் முழுக்க அகற்றுங்கள், அதன்மேல் கான்கிரீட் ஒட்டாது.

கான்கிரீட் கொட்டுவதற்குச் சற்றுமுன் எண்ணெய் கலக்காத அழுத்தக்காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பிளாஸ்டிங் திங்கட்கிழமை, கான்கிரீட் வியாழக்கிழமை, நடுவில் வேலையாட்களின் பக்கி (சிறு பிக்கப் வண்டி) சேற்றுக்காலோடு வந்து போனால் திங்கட்கிழமை வேலை வீண். தளம் உள்ளே ஈரமாக, மேலே நீர் தேங்காமல் இருக்க வேண்டும். ஒட்டுவதற்கென்று சிமென்ட் பால் பூசும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. சுத்தமான சொரசொரப்பான தளத்துக்கு அது தேவையில்லை. கான்கிரீட் வண்டி வந்து சேருவதற்குள் அந்தப் பால் காய்ந்துபோனால் அதுவே இரண்டுக்கும் நடுவே பிரிக்கும் படலமாகிவிடும். 'பூசாவிட்டால் எப்படி ஒட்டும்?' என்று வயதான மேஸ்திரிகள் கேட்பார்கள். பேசிப் புரியவைப்பதைவிட, ஒரு சிறு பகுதியைப் பூசாமல் போட்டு, வலிமை ஏறியபின் இழுத்துப் பார்க்கும் சோதனையைக் கண்முன் நடத்துவது எளிது. வெட்டுவிசைக்கு (ஓர் அடுக்கை மற்றொன்றின் மேல் வழுக்கவைக்கப் பார்க்கும் விசைக்கு) 1.4 மெகாபாஸ்கல் ஒட்டுவலிமை இருந்தால் போதுமானது என்று பொதுவாக ஏற்கிறார்கள். சக்கரத்தால் அந்த இடைமுகத்தில் (இரண்டு அடுக்குகளும் சேரும் பரப்பில்) வருவது அதைவிட மிகக் குறைவு.

அப்படியானால் ஒட்டு ஏன் விடுகிறது? சக்கரத்தால் அல்ல, சுருக்கத்தால். பழைய ஸ்லாப் தன் சுருக்கத்தை எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடித்துக்கொண்டது. மேலே வந்த புதிய அடுக்கு காயக் காயச் சுருங்கப் பார்க்கிறது. பழையது விடமாட்டேன் என்கிறது. அந்த இழுபறி முழுவதும் ஓரங்களிலும் மூலைகளிலும் குவிந்து, அங்கிருந்து உரிக்கத் தொடங்கும். அமெரிக்காவில் அயோவா மாநிலம் 1970களிலேயே இந்த முறையைப் பெரிய அளவில் கையாளத் தொடங்கியது. டெக்சஸில் ஹூஸ்டன் சுற்றுச்சாலையில் 1980களில் போட்ட ஒட்டு அடுக்குகளில் சில இடங்கள் தொடக்க நாட்களிலேயே பிரிந்தன. அங்கே நடந்த ஆய்வுகள் கைகாட்டியது கான்கிரீட் கொட்டிய நாளின் வானிலையை: வேகமான ஆவியாதல், பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரிய வெப்ப வேறுபாடு.

டர்பன்காரர்கள் இதைக் கேட்டவுடன் பெர்க் காற்றை நினைக்க வேண்டும். குளிர்கால இறுதியிலும் வசந்தத் தொடக்கத்திலும் உள்நாட்டிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் அந்த வறண்ட வெப்பக்காற்று, ஈரப்பதத்துக்குப் பழகிய நம் ஊரைச் சில மணி நேரத்துக்குப் பாலைவனமாக்கிவிடும். 75 மி.மீ. அடுக்கில் இருக்கும் நீர் கொஞ்சம்தான். மேலே காற்று உறிஞ்சும், கீழே பழைய கான்கிரீட் உறிஞ்சும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோ நீர் ஆவியாகும் நிலை வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். பெர்க் காற்று முன்னறிவிப்பு இருக்கும் நாளில் கான்கிரீட் வண்டியை வரவழைக்கவே வேண்டாம். வரவழைத்த பிறகு திருப்பியனுப்ப யாருக்கும் மனம் வராது. மற்ற நாட்களிலும், முடித்த மேற்பரப்பில் அரை மணி நேரத்துக்குள் கியூரிங் கலவை (ஈரம் ஆவியாகாமல் காக்கும் பூச்சு) தெளித்தாக வேண்டும், வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு. தெளித்த இடம் வெள்ளைத்தாள் போல ஒரே சீராகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தால் இன்னொரு முறை.

ஜல்லியையும் கேளுங்கள். இதை எந்த ஒப்பந்ததாரரும் தானாகச் சொல்லமாட்டார். குவார்ட்சைட் போன்ற ஜல்லியில் செய்த கான்கிரீட் வெயிலில் அதிகம் விரியும். டாலரைட்டில் செய்தது குறைவாக விரியும். டர்பன் சுற்றுவட்டாரக் குவாரிகளில் டில்லைட் நிறையக் கிடைக்கிறது, உங்கள் பழைய ஸ்லாப்பிலும் அதுவே இருக்க வாய்ப்புண்டு. கோர் எடுக்கும்போது அது தெரிந்துவிடும். கீழே ஒரு கல், மேலே இன்னொரு கல், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்தால் ஒவ்வொரு நாளும் இடைமுகத்தில் இழுபறிதான். மேலே போட அதே ஜல்லியை, முடியாவிட்டால் அதைவிடக் குறைவாக விரிவதைக் கேளுங்கள். பெரிய ஜல்லியின் அளவு தடிமனில் மூன்றில் ஒன்றைத் தாண்ட வேண்டாம்.

ஜாயின்ட். மற்ற எல்லாம் சரியாகச் செய்து இங்கே கோட்டைவிட்ட வேலைகள் அதிகம். பழைய ஜாயின்ட் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே புதிய அடுக்கில் வாளால் போடும் வெட்டு வர வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு பழைய ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முந்தைய நாளே ஒவ்வொரு ஜாயின்டின் இரு முனைகளிலும் வேலைப்பகுதிக்கு வெளியே ஆணியடித்து வண்ணம் பூசிக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வெட்டு நேர்க்கோடாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டியவர் நடுவில் தேநீருக்குப் போய்வந்த இடம்கூட அதில் தெரியும்! நூல் கட்டிப் பாருங்கள். விலகல் இருந்தால் நடுவிலும் அளவெடுத்து எழுதிவையுங்கள்.

குறுக்கு ஜாயின்ட் வெட்டு புதிய அடுக்கின் முழு ஆழத்தையும் தாண்டி இன்னும் 12 மி.மீ. கீழே போக வேண்டும். புதிய ஸ்லாப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் மட்டும் வெட்டிப் பழகியவர்கள் இங்கேயும் 25 மி.மீ. வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மேல் வெட்டின் அகலமும் கீழே இருக்கும் இடைவெளியைவிடக் குறையக் கூடாது. கோடையில் ஸ்லாப் நீளும்போது, மேல் வெட்டு குறுகலாக இருந்தால் கீழ் ஸ்லாப்கள் தொடுவதற்கு முன்பே மேலடுக்குகள் இரண்டும் முட்டிக்கொள்ளும். மொத்தத் தள்ளுவிசையையும் அந்த 75 மி.மீ. தனியாகத் தாங்க முடியாமல், ஒட்டை விட்டு மேலே எழும்பும். வெட்டும் நேரமும் முக்கியம். பகல் வெயிலில் விரிந்திருந்த பழைய ஸ்லாப் இரவில் சுருங்கி ஜாயின்டைத் திறக்கும். அதற்குள் மேலே வெட்டு விழுந்திருக்க வேண்டும். ஓரம் உதிராமல் வெட்ட முடிகிற முதல் நேரத்திலேயே வாள் உள்ளே இறங்க வேண்டும். அது இரவு பத்து மணியானாலும் சரி. விளக்குக்கும் இரண்டாவது வெட்டு இயந்திரத்துக்கும் ஒப்பந்தத்திலேயே இடம் வையுங்கள்.

கான்கிரீட் கலவையில் நார் (சிறு இழைகள்) சேர்ப்பது பற்றி ஒப்பந்ததாரர் பெரிதாகச் சொல்லியிருக்கலாம். நார் நல்லதுதான், விரிசல் விழுந்தால் அகலாமல் பிடித்துக்கொள்ளும். ஒட்டின் குறையை அது ஈடுசெய்யாது. தென்னாப்பிரிக்க அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆரும் தேசிய சாலை நிறுவனமான சன்ராலும் சேர்ந்து 50 மி.மீ. தடிமனுள்ள கம்பிவலை-எஃகுநார் கான்கிரீட்டைச் சோதித்தார்களே, அதை இங்கே மேற்கோள் காட்டுவார்கள். அது வேறு வகை: நெருக்கமான கம்பிவலை, உயர்வலிமைக் கலவை, ஜாயின்டே இல்லாத தொடர் அடுக்கு. உங்களுக்குக் காட்டிய 75 மி.மீ. விலைப்புள்ளியில் அந்தக் கம்பிவலை இருக்காது.

மட்டத்தையும் மறக்காதீர்கள். 75 மி.மீ. ஏறினால் வடிகால் மூடி, எடைமேடை, அலுவலக வாசற்படி, தெருவோடு சேரும் இடம் எல்லாம் மாறும். வாயிலில் ஏற்கெனவே சொன்ன ஸ்லாப்களை முழு ஆழத்துக்கு மாற்றுவதால், அங்கேயே சரிவைச் சேர்த்துக்கொள்ளலாம். கான்கிரீட் 25 மெகாபாஸ்கல் எட்டும்வரை நானாக இருந்தால் லாரியை உள்ளே விடமாட்டேன். சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கனசதுரங்களை ஆய்வகத்துத் தொட்டியில் அல்ல, தளத்தின் பக்கத்திலேயே வைத்துப் பதப்படுத்தி உடைத்துப் பார்க்க வேண்டும்.

கோயில் தளத்துக்கு வருகிறேன். அங்கே கார்களும் தைப்பூச நாளின் கூட்டமும்தான் சுமை. கான்கிரீட் தடிமன் போதாமல் போகவே வாய்ப்பில்லை. அதனால் ஒட்டு அடுக்கு வேண்டாம். உடைந்த இடங்களைச் செவ்வகமாக வெட்டி ஒட்டுப்போட்டு, ஜாயின்ட்களில் புதிய நிரப்பி இட்டு, மேடுபள்ளத்தை வைர வட்டால் தேய்த்துச் சமன்செய்தால் போதும். தேய்க்கும்போது ஒன்றைச் சொல்லிவையுங்கள்: சாலைக்குச் செய்வதுபோல் ஆழமான வரிப்பள்ளங்கள் அங்கே கூடாது. காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். கூரான வரிகள் பாதத்தை அறுக்கும், வழவழப்பாக விட்டால் பாலும் மஞ்சள்நீரும் சிந்திய இடத்தில் வழுக்கும். துடைப்பத்தால் இழுத்ததுபோன்ற மெல்லிய சொரசொரப்பு போதும். தார் போடலாம் என்று கமிட்டியில் யாராவது எழுந்து சொன்னால், தைப்பூசம் டர்பனின் கொளுத்தும் கோடையில் வருகிறது என்பதை நினைவுபடுத்துங்கள். நண்பகலில் கருந்தாரின் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர் இரண்டாம் முறை அதைக் கேட்கமாட்டார்.